அலை எட்டும் தூரம்

இணையத்தில் '.டிவி' என்று முடியும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். அது தொலைக்காட்சியின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது துவாலு என்னும் நாட்டின் இணையக் குறியீடு. பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 11,000 மக்கள். அவ்வளவுதான் துவாலு. அந்த இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்தும் உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்த பணம்தான், 2000ஆம் ஆண்டில் அந்நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேரக் கைகொடுத்தது. உலகத்துக்கே 'டிவி' என்ற பெயரை வாடகைக்கு விட்ட அந்த நாட்டு மக்கள் புயல் எச்சரிக்கைக்கும் ஊர்ச் செய்திக்கும் நம்பியிருப்பது தங்களுடைய ஒரே வானொலி நிலையத்தை!

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் ஃபிஜித் தீவிலிருந்து வந்த ஒரு மாணவர். 2018ஆம் ஆண்டின் பிற்பாதியில், ஒரு பருவம் மட்டும் படிப்பதற்காக நம் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். விடுதியில் எனக்கு அடுத்த அறை. அவருடைய பெயரின் பின்பாதி 'கவுண்டர்'. அறைக் கதவில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஆவலோடு தமிழில் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. அங்கே 'கவுண்டர்' என்பது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவே.

தொடர்பியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. சிறு தீவு நாடுகளில் வானொலியும் தொலைக்காட்சியும் மக்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். "நீயும் தீவுக்காரன், நானும் தீவுக்காரன்" என்றார். நாங்கள் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை எப்போதோ மறந்துபோயிருக்க வேண்டியது. ஆனால் அதற்காகப் படித்ததும், அந்த மாதங்களில் என் வீட்டில் நடந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பின்னாளில் நடந்த சிலவற்றையும் சேர்த்து அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் அதிகம் கேட்கும் பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கோபுரத்திலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் பெரிது. இடையில் மலை நின்றால் அதுவும் இல்லை. மத்திய அலை நிலத்தையும் கடல்பரப்பையும் ஒட்டிச் செல்லும். உப்பு நீர் அதற்கு நல்ல பாதை என்பதால், கடல்மேல் சில நூறு கிலோமீட்டர் கடந்து பக்கத்துத் தீவுகளைச் சேரும். சிற்றலையின் கதையே வேறு. அது வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். தெளிவு குறைவு, இரைச்சல் அதிகம். ஆனாலும் நடுக்கடலில் இருப்பவனுக்கு அந்த இரைச்சல்தான் உலகம்.

நம் சிங்கப்பூருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் நிற்கும் கோபுரம் தீவின் எல்லா மூலைக்கும் போதும். கிரிபாத்தியை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 1,20,000 மக்களைக் கொண்ட அந்த நாட்டின் 33 தீவுகள் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் சிதறிக் கிடக்கின்றன. தலைநகர் தராவாவிலிருந்து அதே நாட்டைச் சேர்ந்த கிறிஸ்துமஸ் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். சிங்கப்பூரிலிருந்து சென்னை அதைவிடக் கிட்டம்! அங்கே எத்தனை கோபுரம் கட்டுவது? அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பழுது பார்க்கும் பொறியாளர் அடுத்த கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருப்பார்? வசதி படைத்தவர் கூரையில் சாட்டிலைட் தட்டு வைத்து வெளிநாட்டு ஒளிவழிகளைப் பார்க்கலாம்தான். ஆனால், தம் ஊரை நோக்கி வரும் புயலைப் பற்றி அந்த ஒளிவழி அவருக்குச் சொல்லுமா?

இப்படிப்பட்ட மக்களுக்காகத்தான் பெரிய நாடுகள் சிற்றலையில் ஒலிபரப்பி வந்தன. 1939இல் தொடங்கிய ரேடியோ ஆஸ்திரேலியா அவற்றுள் ஒன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அதன் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. இது பழைய தொழில்நுட்பம், கேட்பவர் குறைவு, இதில் மிச்சமாகும் 19 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளியை இணையம் போன்ற புதிய வழிகளில் செலவிடலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கணக்குப் புத்தகத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் வனுவாட்டுவின் அன்றைய பிரதமரே அதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2015 மார்ச்சில், பாம் புயல் அவர்கள் நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. கைத்தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தபின் இணையம் எங்கே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே 2017இல், ஏப்ரல் 30ஆம் நாள், பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் நின்றது. 1941இல் தொடங்கிய சேவை அது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தாவுக்குத் தமிழோசை ஓர் அன்றாடக் கடமை. ஈசூன் வீட்டில், சன்னல் ஓரத்தில் வைத்தால்தான் அந்தப் பெட்டிக்கு அலை கிடைக்கும். ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டித் துணி காயப்போடும் மூங்கிலில் சுற்றிவிட்டிருந்தார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மிக்சி ஓடாது. யாழ்ப்பாணத்துச் செய்தி கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருப்பார். தமிழோசை நின்ற நாளில் அவர் உயிரோடு இல்லை. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, எனக்கு வனுவாட்டுவில் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தாத்தாவின் முகம் தெரியவில்லை. ஓராண்டு கழித்து ஃபிஜி நண்பரோடு கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

'எல்லாரிடமும் இணையம் இருக்கிறதே, இனி இது எதற்கு?' என்பது நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். அந்த 'எல்லாரும்' யார் என்பதில்தான் சிக்கல். எங்கள் கட்டுரைக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், டோங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்தது. ஆழிப்பேரலை எழுந்தது, சாம்பல் பொழிந்தது. டோங்காவை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கம்பிவடமும் அறுந்துபோனது. அதைச் சீராக்க ஐந்து வாரங்கள் பிடித்தன. வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டு வடத்தைச் சீராக்க ஓராண்டுக்கும் மேல். அந்த நாட்களில் வெளிநாட்டில் வேலை செய்த டோங்கா மக்கள், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்தார்கள். நவீனமான எல்லாமும் ஒரே கயிற்றில் தொங்கும்போது அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நியூசிலாந்து தன் பசிபிக் சிற்றலைச் சேவையை நிறுத்தவில்லை. அதே 2022இல் புதிய ஒலிபரப்புக் கருவிக்கு நிதியும் ஒதுக்கியது.

இதுவரை சொன்னது அலையைப் பற்றியது. அலை வந்து சேர்ந்துவிட்டால் போதுமா? இங்கேதான் என் நண்பரின் ஊர் வருகிறது.

ஃபிஜியில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம். 1879 முதல் 1916 வரை பிரிட்டிஷார் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் போனவர்கள் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது 1903 முதல்தான். அப்படிப் போன தென்னிந்தியர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்கள் போய் இறங்கியபோது தோட்டத்தின் பொதுமொழி ஏற்கெனவே இந்தியாக இருந்தது. கங்காணி பேசுவது அது, கடையில் பேசுவது அது. ஆகவே தமிழும் தெலுங்கும் மலையாளமும் வீட்டுக்குள் போயின. 1926இல் நாடியில் 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தோன்றியது. பள்ளிகள் கட்டியது, இம்மொழிகளைக் கற்பிக்கவும் முயன்றது. நாடியில் முருகன் கோயில் இன்று கம்பீரமாக நிற்கிறது. தீமிதி நடக்கிறது. நண்பர் வீட்டில் மாரியம்மன் பாட்டைப் பாடுகிறார்கள்; ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள்.

வானொலி அங்கே 1935இல் சுவா நகரில் தொடங்கியது. 1954இல் ஃபிஜி ஒலிபரப்பு ஆணையம் வந்தது. நாட்டு வானொலியின் மொழிகள் மூன்று: ஆங்கிலம், ஃபிஜி மொழி, இந்தி. இன்றும் அரசு நிலையங்களும் தனியார் நிலையங்களும் இந்த மூன்று மொழிகளில்தான் பிரிந்து நிற்கின்றன. தொலைக்காட்சியோ, 1970இல் சுதந்திரம் அடைந்த நாட்டுக்கு 1991இல்தான் வந்தது. அதுவும் உலகக் கிண்ண ரக்பி ஆட்டங்களைக் காட்டுவதற்காக வந்தது! அதற்கு முன் வீடியோப் பெட்டிகளின் காலம். வாடகைக் கடையில் எடுத்து வந்து குடும்பமே உட்கார்ந்து பார்த்தது இந்திப் படங்களைத்தான் என்று நண்பரின் அப்பா சொல்வாராம்.

2016 பிப்ரவரி 20ஆம் நாள் வின்ஸ்டன் புயல் ஃபிஜியைத் தாக்கியபோது நண்பர் பா என்னும் ஊரில், தம் வீட்டில் இருந்தார். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று. அந்தப் புயலில் 44 பேர் இறந்தார்கள். மின்சாரம் போய்விட்டது, தொலைபேசி போய்விட்டது. அலமாரியில் கிடந்த பேட்டரி வானொலியைச் சுற்றி இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. "எங்கள் ஆயாவுக்கு இந்தி புரியும். அதனால் பயமில்லை" என்றார். பிறகு ஒரு நொடி யோசித்துவிட்டு, "புரிய வைத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஆயாவின் அம்மாவுக்கு இந்தி வராதாம். அவர் காலத்தில் வானொலி பேசியதை யாராவது அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்ததாம்" என்றார்.

வானொலி தமிழைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. வானொலி வருவதற்கு முன்பே, தோட்டத்திலேயே அந்தச் சரிவு தொடங்கிவிட்டது. ஆனால் சரிந்துகொண்டிருந்ததைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை தேவைப்பட்ட காலத்தில், வானத்திலிருந்து வந்த குரல் வேறு மொழியில் பேசியது. பிள்ளைகள் கூடத்தில் இருந்த பெட்டியின் மொழியைப் பேசினார்கள். அடுப்படியில் இருந்த பாட்டியின் மொழி அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

நாமும் ஒரு தீவில்தான் இருக்கிறோம். மக்கள்தொகையில் நம் பங்கும் சிறிதுதான். ஆனால் போருக்குப் பின் வந்த ரேடியோ மலாயா மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பேசியது. 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தார். அதிலும் நான்கு மொழிகளுக்கும் இடம் இருந்தது. நெடுங்காலம் நமக்குக் கிடைத்தது சில மணி நேரமே. 2008 அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழி ஆனது. இன்று ஒலி 96.8 இருக்கிறது, பாலத்துக்கு அப்பால் மின்னல் பண்பலை இருக்கிறது. சந்தைக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவை கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். தமிழுக்கு ஓர் இடம் உண்டு என்று ஒரு நாடு எடுத்த முடிவால் வந்தவை இவை. ஃபிஜியில் அந்த முடிவு வேறு விதமாக எடுக்கப்பட்டது.

முடிவு மாறினால் என்ன நடக்கும் என்பதை நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1979இல் மாண்டரின் இயக்கம் தொடங்கியபின், ஹொக்கியன், தியோச்சு, கேண்டனீஸ் முதலிய சீனக் கிளைமொழி நிகழ்ச்சிகள் 1980களின் தொடக்கத்துக்குள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் படிப்படியாக விலக்கப்பட்டன. அந்தக் கொள்கைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை இங்கே வழக்காட நான் வரவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் கிளைமொழியை அதிகம் பேசுவோர் 8.7 விழுக்காடு மட்டுமே. 2016இல் முதியவர்களுக்கு அரசுத் திட்டங்களை விளக்க வேண்டி வந்தபோது, ஹொக்கியன் மொழியிலேயே ஒரு தொடர் நாடகம் எடுக்க நேர்ந்தது. அலை முப்பது ஆண்டுகளாக அந்த வீடுகளுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டிகளின் காதுக்கு அது போதவில்லை.

இனி என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இடுப்பு எலும்பு முறிந்து, தாதிமை இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். நல்ல இடம், அன்பான தாதியர். யார்மீதும் எனக்குக் குறை இல்லை. பொதுக் கூடத்தில் பெரிய தொலைக்காட்சி இருந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் சீன முதியவர்கள். ஆகவே காலையிலிருந்து இரவு வரை மாண்டரின் ஒளிவழி ஓடியது. கூடத்தில் தமிழ் பேசுகிறவர் பாட்டி ஒருவரே. அவர் நாள் முழுதும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். பேச்சே குறைந்துபோனது. வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நாங்கள் எண்ணினோம்.

அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் தொலைக்காட்சி மின்னிலக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய அலைவரிசை 2019 ஜனவரித் தொடக்கத்தில் நிற்கப் போகிறது என்றும், கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக வீடுகளுக்கு இலவசமாகக் கருவி கிடைக்கும் என்றும் அறிவிப்புகள் வந்தன. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. வசந்தமும் அந்த இல்லத்தின் பெட்டிக்குள் இருந்தது. பொத்தானை அழுத்தினால் வரும். ஆனால் ரிமோட் யார் கையில்? கிரிபாத்தியில் 3,000 கிலோமீட்டர் செய்யும் வேலையை, இங்கே பாட்டியின் நாற்காலிக்கும் அந்த ரிமோட்டுக்கும் இடையில் இருந்த பத்தடி செய்துகொண்டிருந்தது.

கட்டுரைக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலை, ஃபிஜி நண்பர்தான் கேட்டார்: "உன் பாட்டிக்கு ஒரு வானொலி வாங்கித் தரக் கூடாதா?" தேக்காவில் சின்னதாக ஒன்று வாங்கினேன். புதிய மாதிரியில் பொத்தான்கள் அதிகம். பாட்டிக்குக் கண்ணும் சரியில்லை. ஆகவே திருகும் வகையாகப் பார்த்து எடுத்து, 96.8க்கு நேரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, அந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி நாடாவையும் ஒட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு காதுக்கு மட்டும் செருகி.

இரண்டு வாரத்தில் பாட்டி பேசத் தொடங்கினார். மழை வரப்போகிறது என்று தாதியிடம் மலாயில் சொன்னார். கேலாங்கில் எந்தச் சாலையில் நெரிசல் என்று எனக்குச் சொன்னார். அவர் எந்தச் சாலைக்கும் போகப்போவதில்லை. ஆனால் அது அவருடைய ஊர்ச் செய்தி. பழைய பாட்டு வந்தால், அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில், யாரோடு பார்த்தோம் என்பது வரைக்கும் சொன்னார். மறதி என்று நாங்கள் பெயர் வைத்ததில் ஒரு பாதி, பேசுவதற்கு ஆளில்லாத மௌனம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் நண்பரையும் அழைத்துப் போனேன். அவர் பெயரைச் சொன்னதும் பாட்டி, "கவுண்டர் வீட்டுப் புள்ளையா? தமிழ் தெரியாதா தம்பி?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நண்பர் என்னைப் பார்த்தார். பாட்டி காதுச் செருகியைக் கழற்றி அவர் காதில் வைத்துவிட்டார். ஒரு சொல்கூடப் புரியாமல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் கடைசியில், "அறிவிப்பாளர் அடிக்கடி யாரோ 'நேயர்'களைக் கூப்பிடுகிறாரே, அது யார்?" என்று கேட்டார். வானொலி கேட்பவரைத் தமிழில் அப்படித்தான் அழைப்போம் என்றேன். எங்கள் ஊர் இந்தி வானொலியில் 'ஷ்ரோத்தா' என்பார்கள், காதால் கேட்பவர் என்று பொருள், உங்கள் சொல்லுக்கும் அதுதானா என்றார். இல்லை, நேயம் என்றால் அன்பு. நேயர் என்றால் அன்பு உடையவர் என்றேன். சொல்லும்போதுதான் நானே அதைக் கவனித்தேன். பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், "வேற யாரு, நான்தான் நேயர்" என்றார். 2019 பொங்கலுக்குச் சில வாரங்கள் கழித்து அவர் காலமானார். கடைசி வாரம் வரை வானொலி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

நண்பர்களே, ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். சிங்கப்பூர் இந்தியர்களில், வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2000இல் 42.9 விழுக்காடு, 2010இல் 36.7, 2020இல் 29.2. வானொலியும் தொலைக்காட்சியும் நமக்குக் குறைந்திருந்த காலம் அல்ல இது. அவை வளர்ந்த காலம். ஆகவே அலை எட்டினால் மொழி வாழ்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபிஜித் தமிழருக்கு அலை எட்டியது, மொழி எட்டவில்லை. நமக்கு இரண்டும் எட்டுகின்றன. பெட்டியைத் திறக்கும் கைதான் குறைந்து வருகிறது. காரில் ஏறியதும் நம் விரல் எந்த எண்ணுக்குப் போகிறது? நம் வீட்டுக் குழந்தைகளின் காதில் பகலெல்லாம் எந்த மொழி ஓடுகிறது?

ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலையை நிறுத்தியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, கேட்பவர் குறைவு என்பது. நாளை எந்தச் சிறு மொழியின் ஒலிபரப்புக்கும் அதே கணக்கு எழுதப்படலாம். அந்தக் கணக்கில் எண்ணப்படுவது நாம் மேடையில் பேசும் மொழிப்பற்று அன்று; அன்றாடம் கேட்கிறவர்களின் தலைகள்தாம். நிகழ்ச்சி நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். குறை சொல்வதும் கேட்டவர் செய்கிற காரியம்தான். கேட்காதவருக்குக் குறையும் இல்லை.

நம் பேரவை நண்பர்கள் பலர் முதியோர் இல்லங்களுக்குத் தொண்டாற்றச் செல்கிறீர்கள். பழமும் பலகாரமும் கொண்டு போகிறோம். பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த முறை போகும்போது, அங்கே தமிழ் பேசும் முதியவர் எத்தனை பேர், கூடத்துத் தொலைக்காட்சியில் அவர்களுக்கு நாளில் ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதா என்று பொறுப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். திருகும் வகை வானொலி தேக்காவில் இன்னும் கிடைக்கிறது. பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். நகப்பூச்சு ஒரு பொட்டுப் போதும்.